பறந்து சென்றவள் காஞ்சியில் இறங்கினாள்: ஆளாகும் மாயக்கதையைப் பழிப்போருக்கு மறுப்பு

இளையவர் ஒருவர், இயற்கை விதிகள் செல்லாத ஓர் உலகத்துக்குள் புகுந்து, அங்கே கிடைக்கும் ஆற்றலாலும் அங்கே நேரும் இழப்பாலும் தம்மை இன்னாரென்று அறிந்து, முதிர்ந்த மனிதராக வெளியே வரும் கதையை இக்கட்டுரை ஆளாகும் மாயக்கதை என்று வழங்கும். இதில் இரண்டு மரபுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஒருவருடைய மனம் பக்குவப்படும் வழியையே பொருளாகக் கொண்ட வளர்ச்சி நாவல். ஜெர்மானியக் கவிஞர் கெதே 1795-96 ஆண்டுகளில் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் கதையை அதன் முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். மற்றொன்று, பேசும் விலங்கும் பறக்கும் மனிதரும் மந்திரக் கலமும் எவ்வித விளக்கமும் கோரப்படாமல் நடமாடும் மாயப்புனைவு. இன்றைய இளைஞர் இதனை ஃபேன்டஸி என்றே சொல்கின்றனர். அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய எர்த்சீ வரிசையின் முதல் நாவலும், 1997-ல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையும் இக்கலப்பின் உலகறிந்த எடுத்துக்காட்டுகள்.

இத்தகைய நூல்களில் தோயும் வாசகரைப் பற்றித் தமிழ்ச் சூழலில் நிலைத்துவிட்ட கருத்து ஒன்று உண்டு. வாழ்க்கையை எதிர்கொள்ளத் துணியாதவர் ஒதுங்கும் இடம் மாயக்கதை, அது சிறுவர்க்குரியது, மீசை அரும்புவதற்குள் கைவிடத்தக்கது, இலக்கியமாக எண்ணத் தகுதியற்றது, மேலைநாட்டிலிருந்து வந்திறங்கியது, மூடநம்பிக்கைக்குத் துணைபோவது என்று அக்கருத்து பல குரல்களில் ஒலிக்கிறது. அக்குரல்கள் வேறு வேறு முகாம்களிலிருந்து எழுவதே அதன் வலிமை. மதிப்பெண்ணையே கல்வியாகக் கருதும் பெற்றோரும், கண்முன் உள்ள சமூக வாழ்வை உள்ளபடி சித்திரிக்கும் நடப்பியல் எழுத்தையே இலக்கியத்தின் உரைகல்லாகக் கொண்ட திறனாய்வாளரும், பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்தோரும் வேறெதிலும் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றனர். அந்த ஒற்றுமை தவறான அடித்தளத்தின்மேல் எழுந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாதத்துக்குக் களமாகக் காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியில் பட்டு நெசவாளர் செறிந்து வாழும் பிள்ளையார்பாளையத்தைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. தந்தையின் தறியே பிள்ளையின் எதிர்காலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்த இடம் அது; ஆளாதல் என்பது அங்கே என்ன பொருள் தந்தது என்பதைத் தெளிவாகக் காணலாம். ஆளாகும் மாயக்கதைகளில் இந்திய மொழிகள் பெற்ற மிகச் சிறந்த இரண்டும் அந்நகரத்தோடு தொடர்புடையவை என்பது மற்றொரு காரணம்.

மேலைநாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வாங்கி ஊர் கூடிப் படித்த தலைமுறைகளும், 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவின் வேதாளத்துக்காகக் காத்திருந்த தலைமுறைகளும் எந்த இறக்குமதிக்கும் கடன்பட்டவை அல்ல. ஆனால் இந்த விடையோடு நிறுத்திக்கொள்வது எதிர்த்தரப்புக்கு வாய்ப்பளிப்பதாகும். அவையெல்லாம் பொழுதுபோக்கு, அவற்றில் எவரும் ஆளாவதில்லை, விக்கிரமாதித்தன் முதற்பக்கத்தில் எப்படியிருந்தானோ கடைசிப் பக்கத்திலும் அப்படியே இருக்கிறான் என்று அவர்கள் சொல்லக்கூடும், சொன்னால் அதில் உண்மையும் இருக்கும். ஆகவே வலுவான சான்றுக்கே செல்ல வேண்டும்.

ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனப் பலர் கருதுவதும், உ.வே. சாமிநாதையர் 1898-ல் பதிப்பித்து மீட்டளித்ததுமான சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையே அச்சான்று. அதனைப் பௌத்தப் பரப்புரைக் காப்பியமாகவும், அதில் வரும் அற்புதங்களைக் கொள்கைக்குப் பூசிய மேற்பூச்சாகவும் படிப்பது பாடநூல்களின் வழக்கம். கதையின் இயக்கத்தை ஒருமுறை கவனித்துப் படிப்பவருக்கு இந்த வழக்கம் நிற்காது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த இளம்பெண், கணிகையர் குலத்தில் வந்தவள் என்ற ஒரே காரணத்தால், பாட்டி சித்திராபதியாலும் சோழ இளவரசன் உதயகுமாரனாலும் குலத்தொழிலுக்கு உரியவளாகக் கணக்கிடப்படுகிறாள். தாய் துறவு பூண்டிருந்தும் ஊர் மகளை விடுவதாயில்லை. இளவரசனுடைய தேருக்கும் பாட்டியினுடைய சூளுக்கும் இடையில் அகப்பட்ட அப்பெண்ணுக்கு, அன்றைய நகர வாழ்வை உள்ளபடி எழுதும் நடப்பியல் புலவர் ஒருவர் எந்த முடிவைத் தந்திருக்க முடியும்? ஒரே முடிவுதான் அங்கே நடக்கக்கூடியதாக இருந்தது. சாத்தனார் அந்த நடக்கக்கூடியதையே மறுக்க விரும்பினார். அதற்காகவே கடல் தெய்வத்தை வரவழைத்தார்.

தெய்வம் அவளை எடுத்துச் செல்லும் முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். மணிமேகலா தெய்வம் உறங்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெற்கே 30 யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. விழித்தெழுபவள் தோழி சுதமதியைத் தேடி, ஆளற்ற கடற்கரையில் அலைந்து அழுகிறாள். பின் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிகிறாள். வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைத் தாங்கவும் வேண்டிய மூன்று மந்திரங்களைப் பெறுகிறாள். தீவைக் காக்கும் தீவதிலகையின் வழிகாட்டுதலால் அமுதசுரபி என்னும் வற்றாத பிச்சைக் கலத்தையும் பெறுகிறாள். திரும்பும்போது அவளை எவரும் சுமக்கவில்லை. போனது பிறர் கையில், உறக்கத்தில்; வந்தது தன் ஆற்றலால், விழிப்பில். ஆளாதல் என்ற நிகழ்வை இதைவிடச் சுருக்கமாகவும் நுட்பமாகவும் காட்டிய நடப்பியல் பக்கம் தமிழில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு மறுதரப்பினருடையது.

மாயம் கிடைத்தவுடன் துன்பம் தீர்ந்துவிடும், ஆகவேதான் மாயக்கதை சோம்பேறிகளின் கனவு என்பது இன்னொரு வாதம். மணிமேகலையில் மாயம் எதையும் எளிதில் தீர்ப்பதில்லை. இளவரசனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகை என்பவளின் உருவை எடுத்துக்கொள்கிறாள்; யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்தி, அமுதசுரபியின் உணவால் அந்நோய் தீரப்பெற்றவள் அந்தக் காயசண்டிகை. அவளைத் தேடி வந்த கணவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன், தன் மனைவியைப் பிறன் ஒருவன் தொடர்வதாகப் பிழையாக எண்ணி, உதயகுமாரனை நள்ளிரவில் வாளால் வெட்டிக் கொல்கிறான். தற்காப்புக்காகப் பூண்ட மாற்றுருவே ஓர் உயிரைப் பலிகொண்டுவிட்டது. பலியானவனோ முற்பிறப்பில் அவளுக்குக் கணவனாயிருந்த இராகுலன். வெறுத்து விலக்கியவனுக்காக அழவும் முடியாமல் அழாதிருக்கவும் முடியாமல் நிற்கும் அந்த இளம்பெண்ணிடம், தான் செய்ததன் விளைவு தன் நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்ற அறிவு முதன்முறையாக வந்து சேர்கிறது. எர்த்சீ நாவலின் சிறுவன் கெட், செருக்கினால் ஒரு நிழலை விடுவித்து, அதற்கு அஞ்சி ஓடி, பின் திரும்பி அதனைத் துரத்திச் சென்று தன் பெயராலேயே அதனை அழைப்பது இதே அறிவின் இன்னொரு வடிவம். மந்திரம் பெற்றவர் மந்திரத்தின் விலையைச் செலுத்துவதே இவ்வகைக் கதைகளில் நல்லவை அனைத்துக்கும் நடுத்தூண்.

அதன்பின் அரசியின் சிறை வருகிறது. மகனை இழந்த அரசி, மருந்தால் அவள் அறிவை மயக்கப் பார்க்கிறாள். முரடன் ஒருவனை ஏவுகிறாள். புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள். அறிவு மயங்காமலும், ஆணுருக் கொண்டும், பசிக்கு இரையாகாமலும் அவள் தாங்கி நிற்பதைக் கற்பனையின் களியாட்டம் என்று ஒதுக்குபவர், காவலில் அடைபட்ட பெண்ணுக்கு எதிராக அதிகாரம் கையாளும் மூன்று வழிகளைச் சாத்தனார் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் என்பதைக் காணத் தவறுகின்றனர். பட்டியல் நடப்பிலிருந்து வந்தது. விடைதான் மாயத்திலிருந்து வந்தது.

தப்பித்தல் என்ற சொல்லை இனி நேராக எடுத்துக்கொள்ளலாம். ஜே.ஆர்.ஆர். டோல்கின் 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், சிறைப்பட்டவன் வெளியுலகை எண்ணுவதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் திறனாய்வாளர்கள் வேண்டுமென்றே ஒன்றாக்குகின்றனர் என்று வாதிட்டார். இந்த வாதம் எந்த ஊரிலும் செல்லும். பிள்ளையார்பாளையத்தில் அதற்குத் தனி எடை உண்டு. காஞ்சிப் பட்டின் பெருமையாகிய கோர்வை முறையில், சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமைவதற்காக மூன்று நாடாக்களைக் கொண்டு ஊடையை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். நெய்பவர் ஒருவராலேயே அது இயலாததால் கரைப்பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார வேண்டும். அந்தத் துணையாள் நெடுங்காலம் வீட்டுப் பிள்ளையாகவோ கூலிக்கு வந்த அயல்வீட்டுப் பிள்ளையாகவோ இருந்தது ஊரறிந்த செய்தி. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்யப்பட்ட திருத்தம்கூட, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தறிக்குழியில் கால்விட்டு அமர்ந்த பிள்ளை வேறோர் உலகைப் பற்றிப் படித்து மகிழ்வதைப் பொறுப்பின்மை என்று யார் சொன்னார்கள், அப்படிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டால், சொன்னவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருப்பதில் நலன் உடையவர்கள் என்பது புலப்படும். சித்திராபதியும் பேத்தியைப் பார்த்து ஏறக்குறைய அதையே சொன்னாள்.

இதனால் நெசவு இழிந்தது, அதை விட்டுப் போவதே ஆளாதல் என்று பொருள்கொள்ளக் கூடாது. தொழிலைத் தேர்ந்து செய்வதும், அதற்கென்றே பிறந்ததாகச் சொல்லப்பட்டுச் செய்வதும் வேறு. பிறப்பைக் காட்டி வாழ்வை முடிவுகட்டும் சமூகத்தில், நடப்பதை மட்டுமே எழுதும் இலக்கியம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், நடப்பதே நடக்கக்கூடியது என்ற எண்ணத்துக்கு இளம் வாசகரை மெல்லப் பழக்கிவிடக்கூடும். மாயப்புனைவு அந்த எண்ணத்தின் வேரையே அசைக்கிறது. உலகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை அது விவாதித்து நிறுவுவதில்லை, வேறுவிதமான உலகம் ஒன்றை நூறு பக்கத்துக்கோ ஆயிரம் பக்கத்துக்கோ நடத்திக் காட்டுகிறது.

நடப்பியல் திறனாய்வின் சாதனைகளை மறுப்பது இதன் நோக்கமாகாது. 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழும், க.நா. சுப்ரமண்யத்தின் விடாப்பிடியான தரவேறுபாடும், க. கைலாசபதி 1968-ல் வெளியிட்ட தமிழ் நாவல் இலக்கியமும் இல்லாதிருந்தால் தொடர்கதைப் பெருவெள்ளத்தில் நல்ல நாவலைப் பிரித்தறியும் பழக்கமே இங்கு உருவாகியிருக்காது. அவர்கள் வழிவந்தவர்கள்தாம், வணிக எழுத்தின்மேல் ஆசான்கள் கொண்ட ஐயத்தை, காரணம் ஆராயாமல், மாயத்தின்மேலும் ஏற்றிவைத்தனர். தமிழ் நாவலின் பிறப்பே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஆணுடை தரித்த ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலையிட, அவள் விக்கிரமபுரியின் அரசனாகிறாள்; நாட்டுப்புறக் கதையிலிருந்து நடந்துவந்த அந்த யானையில்லாமல் ஒரு பெண் நீதியும் நிர்வாகமும் நடத்திக் காட்டும் பகுதியை 1879-ல் எழுதியிருக்க முடியாது.

மாயம் நடப்பைக் காணும் கண்ணை மங்கவைக்கும் என்ற அச்சத்துக்குச் சிறந்த மருந்து காஞ்சியிலேயே உருவானது. பல்லவ மன்னன் இராசசிம்மனின் காலத்தை ஒட்டி, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், காஞ்சியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் வடமொழி ஆசிரியர் தண்டி எழுதிய தசகுமார சரிதம், பிரிந்துபோன பத்து இளைஞர்கள் உலகைச் சுற்றி, அடிபட்டு, ஏமாந்து, ஏமாற்றி, மீண்டும் கூடித் தத்தம் கதையைச் சொல்லும் நூல். அதில் மித்திரகுப்தன் என்பவனை ஓர் அரக்கன் மறித்து, கேட்கும் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லாவிட்டால் விழுங்கிவிடுவதாக மிரட்டுகிறான். அவற்றில் ஒன்றுக்கு விடையாகவே காஞ்சி வணிகனின் மகன் சக்திகுமாரன் பெண் தேடிப் புறப்பட்ட கதை வருகிறது. முந்தியில் ஒரு படி அளவு நெல்லை முடிந்துகொண்டு, இதைக்கொண்டு முழு உணவு சமைத்துத் தருவாயா என்று அவன் ஊர் ஊராகக் கேட்டுச் செல்கிறான். காவிரிக் கரையில் கோமினி என்ற பெண் அந்நெல்லைப் பதமாகக் குத்தி, உமியை நகை துலக்கும் பொற்கொல்லரிடம் விற்கச் செய்து, அக்காசில் விறகும் பானையும் வாங்கி, சோறு வடித்தபின் அவிந்த கரியையும் விற்றுக் காய்கறியும் நெய்யும் தயிரும் புளியும் பெற்று, விருந்தே படைத்துவிடுகிறாள். சிக்கனக் குடும்பத்தின் கணக்கை உமி, கரி ஈறாக இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பக்கங்கள் பழைய இந்திய இலக்கியத்தில் அரிது. பெண்ணை நெல்லால் எடைபோடும் சக்திகுமாரனின் மனப்பான்மை இன்றைய வாசகருக்கு உவப்பாக இராது என்பது வேறு செய்தி. இங்கே கருதத்தக்கது, அந்த அடுக்களைக் கணக்கு ஓர் அரக்கனின் வாய்க்கு முன்னே நின்று சொல்லப்படுகிறது என்பதே. அரக்கன் அடுக்களையை மறைக்கவில்லை. உயிர்போகும் அவசரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு காசையும் கவனிக்க வைக்கிறான்.

பகுத்தறிவுத் தரப்பின் மறுப்பு இவற்றைவிட மதிக்கத்தக்கது. அதற்கும் காஞ்சியே பிறப்பிடங்களில் ஒன்று. நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் காஞ்சிபுரத்தில் பிறந்து, 1942 முதல் அங்கிருந்தே திராவிட நாடு இதழை நடத்திய சி.என். அண்ணாதுரை, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் பற்றி 1943-ல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் நிகழ்த்திய சொற்போர்கள் தீ பரவட்டும் என்ற நூலாயின. அற்புதங்களின் பெயரால் ஏற்றத்தாழ்வு நியாயப்படுத்தப்படுகிறது என்ற அந்த எதிர்ப்பின் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அது குறிவைத்தது நம்பும்படி ஆணையிடும் அற்புதத்தை. மாயப்புனைவு நாவல் அட்டையிலேயே தன்னைப் புனைவென்று அறிவித்துக்கொள்கிறது. அதற்குக் கோயில் இல்லை, தீட்சை இல்லை, மறுப்பவருக்குத் தண்டனை இல்லை. நம்பாமலேயே ஈடுபடுவது எப்படி என்பதை ஒரு பதின்பருவ வாசகர் அங்கேதான் பயில்கிறார்; அப்பயிற்சி பெற்றவரிடம் நம்பிக்கையைக் கட்டாயமாகக் கேட்பவர்களின் பாடு பின்னாளில் கடினமாகிறது. பொய்யென்று தெரிந்த பொய்யில் பழகியவரை உண்மை வேடமிட்ட பொய்யால் ஏய்ப்பது எளிதன்று.

சாத்தனாரின் நாயகி முடிவில் எங்கே போய்ச் சேர்கிறாள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளை அவள் கேட்க விரும்பும்போது, இளம்பெண் என்பதால் எவரும் அவளுக்கு உட்பொருளை விளக்கமாட்டார்கள் என்று கண்ணகியின் படிமமே எச்சரிக்கிறது; எனவே முதிய தவத்தோன் உருவில் சென்று கேட்கிறாள். (கல்விக்கூடங்களைப் பற்றிய இந்த எள்ளல் இன்னும் பழசாகவில்லை.) கேட்டவற்றில் எதுவும் அவள் மனத்தைக் கவரவில்லை. மழை பொய்த்து வறண்டு கிடக்கும் காஞ்சிக்கு வான்வழியே வந்திறங்கி, அமுதசுரபியால் பசி தீர்த்தபின், அறவண அடிகளின்முன் மாற்றுருவை விட்டுத் தன் உருவிலேயே அமர்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பது நான்காவது மந்திரம் அன்று. காட்சி, கருதல் என்னும் இரண்டு அளவைகளும், அதாவது நேரில் காண்பதும் அதிலிருந்து அனுமானிப்பதுமாகிய அறிவின் வழிகளும், மேற்கோளிலும் ஏதுவிலும் எடுத்துக்காட்டிலும் நேரக்கூடிய போலிகளும் கற்பிக்கப்படுகின்றன. போலி வாதத்தை இனங்காணும் தருக்கப் பாடத்தை 29-ஆம் காதையின் பெரும்பகுதி சுமக்கிறது. பறக்கத் தெரிந்த பெண்ணின் கல்வி தருக்கத்தை நாடிச் செல்லும் இக்கதையைக் கையில் வைத்திருக்கும் மொழியில், மாயக்கதை பகுத்தறிவுக்குப் பகை என்று பேசுவது வியப்பளிக்கிறது.

மாயக்கதைகள் யாவும் நன்று என்று இதனால் ஆகிவிடாது. அவற்றுள் பெரும்பகுதி மட்டமானது. நடப்பியல் நாவல்களிலும் அப்படியே. குறிப்பாக, நாயகன் மறைந்துபோன அரசவழியின் வாரிசாகவும் முன்னரே குறிக்கப்பட்டவனாகவும் தெரியவந்து, பிறப்பே தகுதியென்று முடியும் கதைகள், குலத்தொழில் வாதத்தையே மின்னும் உடையில் திருப்பித் தருகின்றன. மணிமேகலையும் முற்பிறப்பைப் பேசுகிறதே என்று கேட்கலாம். அங்கே முற்பிறப்பு அவளைக் கட்டிவைக்கும் கயிறாக, அறுக்கப்படவேண்டிய பற்றாகவே வருகிறது. பட்டயமாக வரவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் கண்டுகொள்ள வேண்டுமானால் இவ்வகை நூல்களைப் பல படித்திருக்க வேண்டும். படிக்கவே கூடாது என்பவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்தே மறுக்கின்றனர்.

பழிப்போரைவிட ஆதரவாளர்களால்தான் மாயக்கதைக்கு இன்று அதிகக் கேடு. பாடமும் நீதியும் கிடைக்கின்றன, ஆகவே படிக்கலாம் என்று பரிந்துபேசுபவர்கள் அவர்கள். கசப்பு மருந்துக்குத் தேன் குழைப்பதுபோல நற்கருத்துக்கு மாயம் குழைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பால புரஸ்கார் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறலைப் பேசுவதால் இவ்வாறே பாராட்டப்பட்டது. அந்நூலில் மரப்பாச்சிப் பொம்மை பேசுவது தேன் குழைத்தல் ஆகுமா? பெரியவர்கள் கேட்கவோ நம்பவோ மாட்டார்கள் என்ற அச்சத்தில் ஒரு குழந்தை வாய்மூடி இருக்கும் இடத்தில், கேட்கக்கூடியது ஒன்று வேண்டும். அக்குழந்தையின் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது பொம்மை மட்டுமே. பொம்மை பேசுவது அந்தத் தனிமையின் அளவைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு அறிவுரையை மட்டும் வைத்தால் எஞ்சுவது துண்டறிக்கை. 2023-இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ஆதனின் பொம்மையில் இன்றைய சிறுவன் ஒருவன் பழங்காலத்துக் கீழடிச் சிறுவனைச் சந்திக்கிறான். அதனைத் தொல்லியல் பாடத்துக்குத் துணைநூலாக்குவதும் இதே பிழைதான்.

ஆகவே வாதம் இறுதியில் இன்பத்துக்கே வந்து நிற்க வேண்டும். அதைச் சொல்லக் கூசுவதால்தான் பயன், பாடம் என்ற ஊன்றுகோல்கள் தேவைப்படுகின்றன. பிள்ளையார்பாளையத்தை ஒட்டி இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், திருச்சுற்று மதிலின் உட்புறம் வரிசையாக நிற்கும் 58 சிற்றாலயங்களைத் தாங்கிப் பாயும் யாளிகளை எந்த விலங்கியல் நூலிலும் காண முடியாது. அதே யாளியும் அன்னமும் இருதலைப் பட்சியும், ஜக்கார்டு அட்டையில் துளைகளாக மாறி, பட்டு முந்தியில் சரிகையாக எழுகின்றன. எண்ணி எண்ணித் துளையிட்டு, இழை பிசகாமல் அவற்றை நெய்பவர் எவரும் யாளி உண்டென்று நம்பி நெய்யவில்லை. அதில் நீதி இருக்கிறதென்று வாங்குபவர் எவரும் வாங்கவில்லை. இல்லாத விலங்கைப் பிசகின்றிச் செய்வதிலும் காண்பதிலும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. தெருவே அதனால் வாழ்கிறது. சேலையில் அதை ஏற்கும் ஊர், அதே விலங்கு புத்தகத்துக்குள் நுழைந்து ஒரு சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டால் மட்டும் முகம் சுளிப்பதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

தண்டியின் நூலில் ஏழாவது பகுதியைப் பயன் தேடுவோர் எப்படி விளக்குவார்கள் என்பதும் கேட்கத்தக்கது. பத்து இளைஞர்களுள் ஒருவனான மந்திரகுப்தன், பிணம் எரியும் காட்டில் ஒரு சித்தன் தன் ஏவலரக்கனை அனுப்பி இளவரசியைக் கவர்ந்துவரச் செய்வதைக் கண்டு, அச்சித்தனைக் கொன்று அவளை மீட்ட தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். காதலியின் பற்கள் பட்டு அவன் உதடுகள் புண்பட்டிருப்பதால், உதடுகள் ஒட்டி ஒலிக்கும் எழுத்துகளை அவனால் உச்சரிக்க இயலாது; எனவே அவன் சொல்லும் பகுதி முழுவதிலும் அத்தகைய எழுத்து ஒன்றுகூட வராமல் தண்டி எழுதிச் செல்கிறார். தமிழில் நிரோட்டம் எனப்படும் இந்த அருமுயற்சியை, காஞ்சியில் பிறந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர் பிற்காலத்தில் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியில் செய்யுளாகச் செய்து காட்டினார். தண்டியோ உரைநடையில், அரக்கனும் சித்தனும் வரும் கதையின் நடுவில், அதுவும் முத்தத்தால் உதடு புண்பட்ட ஓர் இளைஞனின் நிலையை எழுத்தெழுத்தாக உணர்த்துவதற்காகவே அதனைச் செய்தார். அணியிலக்கணம் வகுத்த பேராசிரியர் ஒருவர் தம் முழுப் புலமையையும் அங்கே செலவிட்டிருக்கிறார். அதில் நீதி எதுவும் இல்லை.